முன்பக்கம் மட்டுமே உள்ள வீடு

ஒரு வீட்டுக்கு எத்தனை முன்பக்கம் இருக்க முடியும் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் ஒன்று என்றுதான் சொல்வார்கள். அவர்கள் ஹெல்வர் நகராட்சியின் விதிகளைப் படிக்காதவர்கள். வெண்டல் டோலஃப்சனும் ஏப்ரல் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை வரை படிக்காதவராகத்தான் இருந்தார். அன்று காலை காபிக் கோப்பையோடு வெளியே வந்தபோது, பச்சைத் தொப்பி அணிந்த ஒரு பெண் அவருடைய படகின் மீது ஆரஞ்சு நிற எச்சரிக்கைத் தாள் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டிய பிறகு, சுருக்கம் விழாமல் இருக்க உள்ளங்கையால் நீவியும் விட்டாள்.

"குட் மார்னிங், மிஸ்டர் டோலஃப்சன். நான் கிரெட்சன், நகராட்சி விதி அமலாக்கம். படகு ரொம்ப அழகா இருக்கு. ஆனா முன்முற்றத்துல நிக்குது."

"பனி உருகினதும் கராஜ் பக்கத்துல இருந்து இழுத்து வச்சேன். துடைக்கணும்ல."

"துடைங்க, தாராளமா துடைங்க. பின்முற்றத்துல வச்சுத் துடைங்க."

நியாயமாகத்தான் பட்டது வெண்டலுக்கு. அன்று மாலையே வண்டியில் பூட்டி, படகை வீட்டைச் சுற்றி இழுத்துக்கொண்டுபோய்ப் பின்பக்கம் விட்டார். அடுத்த செவ்வாய் பச்சைத் தொப்பி மறுபடி வந்தது. பின்பக்கத்தில் நின்ற படகின் மீதும் ஆரஞ்சுத் தாள் ஏறியது.

இதில் கிரெட்சனின் தவறு எதுவும் இல்லை. விதி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் நமக்கே புரியும். வீட்டுக்கும் தெருவுக்கும் இடையில் இருக்கிற நிலம் எதுவோ, அதுவே முன்முற்றம். கதவு எந்தப் பக்கம் இருக்கிறது, தபால்பெட்டி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் விதிக்குத் தேவையில்லை. டோலஃப்சன் வீடோ மூன்று தெருக்கள் வளைத்துக்கொண்ட மனையில் இருந்தது. எதிரே ஒரு தெரு, இடப்பக்கம் ஒரு தெரு, முதுகுப்பக்கம் ஒரு தெரு. ஆகவே சமையலறைக் குப்பை வைக்கிற இடம் முன்முற்றம். துணி காயப்போடுகிற இடமும் முன்முற்றம். வெண்டல் தம் பிள்ளைகளை வளர்த்து, அவர்களுக்குக் கல்யாணமும் செய்து அனுப்பிய அந்த வீட்டுக்கு இதுநாள் வரை பின்பக்கம் என்ற ஒன்றே இருந்ததில்லை. அவருக்குத்தான் அது தெரியாமல் இருந்திருக்கிறது.

"நாலாவது பக்கம் ஒண்ணு இருக்கே," என்றார் வெண்டல்.

"இருக்கு, அது பக்கமுற்றம். அங்க வைக்கலாம்," என்று கிரெட்சன் உற்சாகமாக அளவுநாடாவை இழுத்தாள். சுவருக்கும் பக்கத்து வீட்டு வேலிக்கும் இடையே ஒரு புல்வெட்டி போகிற அகலம்தான் இருந்தது.

ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஆர்டிஸ் குரல் கொடுத்தாள். "படகை செங்குத்தா நிமித்தி வச்சா நுழையுமே."

கிரெட்சன் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. சிறிது நேரம் யோசித்துவிட்டு, "உயர வரம்பு தாண்டிடும், மேடம்," என்றாள்.

ஆர்டிஸ் பனிக்காலம் முழுவதும் அந்த நாற்காலியில்தான் இருந்தாள். நவம்பரில் அவளுக்கு இடுப்பெலும்பு மாற்றி வைத்தார்கள். வலியைப் பற்றி அவள் டாக்டரிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: திறப்பு நாளுக்குள் படகில் உட்கார முடியுமா? மினசோட்டாவில் திறப்பு நாள் என்று சொன்னால் போதும், எதன் திறப்பு என்று யாரும் கேட்பதில்லை. மே மாதத்து அந்தச் சனிக்கிழமையில்தான் ஏரிகளில் வால்ஐ மீன் பிடிக்க அனுமதி தொடங்குகிறது. அது பெரும்பாலும் அன்னையர் தினத்துக்கு முந்தின நாளாக வந்து வாய்ப்பதால், அந்த மாநிலத்தில் தாய்மார்களை மீன் வாசனையோடுதான் கொண்டாடுகிறார்கள். முடியும் என்றார் டாக்டர், முதுகு சாய்கிற நாற்காலியாக இருந்தால். அன்றிலிருந்து பனிக்காலம் முழுக்க வெண்டல் கராஜில் உட்கார்ந்து சாய்வு வைத்த நாற்காலி ஒன்றைச் செய்து, வெளியே நின்ற படகின் முன்பகுதியில் பொருத்தினார். அந்த வீட்டில் மீன் பிடிக்கத் தெரிந்தவள் ஆர்டிஸ். வெண்டல் படகை ஓட்டுவார், சாண்ட்விச் எடுத்துக் கொடுப்பார்.

"கிரெட்சன், இதை எங்கதான் வைக்கிறது? கராஜ்ல வைக்கலாம்னா இது கராஜை விட நீளம்."

"முன்முற்றத்துலயே வைக்கலாம். அதுக்கு விதிவிலக்கு இருக்கு," என்றாள் கிரெட்சன். விதிவிலக்குகளைச் சொல்லும்போது அவள் முகம் மலர்ந்துவிடும். "மூணே நிபந்தனைதான். ஒண்ணு, புல்மேல படக்கூடாது. ரெண்டு, தெருவுல இருந்து பாத்தா தெரியக்கூடாது, வேலி கட்டி மறைக்கணும். மூணு, அது ஓடற நிலையில இருக்கணும். ஓடாத வண்டியை வீட்டுல வச்சா அது பழைய இரும்பு."

"வேலி எவ்வளவு உயரம் கட்டலாம்?"

"முன்முற்றத்துல மூணு அடி. அதுக்கு மேல போனா வீடு மறைஞ்சிடும். வீடு தெருவுக்குத் தெரியணும்."

"படகு ஏழு அடி நிக்குதே."

"ஆமா," என்றாள் கிரெட்சன், நிஜமான வருத்தத்தோடு. "இதை முன்னாடியும் ரெண்டு மூணு பேர் கேட்டாங்க."

அடுத்தது ஓட்டச் சோதனை. படகு இன்ஜின் ஏரித் தண்ணீரை உறிஞ்சித் தன்னைக் குளிரவைத்துக்கொள்ளும். அதனால் தரையில் அதைக் கிளப்ப வேண்டுமானால் தண்ணீர் உறிஞ்சும் வாயில் இரண்டு ரப்பர்க் கிண்ணங்களைக் கவ்வவிட்டு, தோட்டக் குழாயைச் சொருக வேண்டும். வெண்டல் அப்படியே செய்தார். இன்ஜின் முதல் திருகிலேயே கிளம்பிப் பூனைபோல உறுமியது. கிரெட்சன் படகு ஏறி நின்ற டிரெய்லரின் சக்கரங்களையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்ப நகரும்?"

"எது?"

"படகு. சொந்த சக்தியில ஒரு அடியாவது நகரணும்னு இருக்கு."

"இது படகும்மா. தரையில எப்படி நகரும்?"

"அதைத்தான் நானும் எழுதிக்கிறேன்," என்று அவள் எழுதினாள். "தரையில் நகரவில்லை. சாரி, மிஸ்டர் டோலஃப்சன். மே முதல் செவ்வாய்க்குள்ள மூணும் சரியா இல்லைன்னா இழுத்துட்டுப் போய் நசுக்கிடுவாங்க. எனக்கே பாக்க மனசு வராது, நான் அந்தப் பக்கமே போறதில்ல."

மே முதல் செவ்வாய் என்றால் திறப்பு நாளுக்கு முன்பே படகு இருக்காது. ஜன்னலை ஆர்டிஸ் சாத்திக்கொண்டாள்.

அன்று மாலை பக்கத்து வீட்டு லைல் பிரெக்கி ருபார்ப் தண்டு போட்ட கேக்கோடு வந்தார். ஹெல்வரில் யாரும் யாருடைய குறையையும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. அது மரியாதை இல்லை. குறை இருந்தால் நகராட்சிக்கு ஃபோன் செய்யலாம், பெயர் சொல்லத் தேவையில்லை. ஃபோன் செய்தபிறகு மனசு உறுத்துமே, அதற்குத்தான் கேக். ஊரில் ஒரு வீட்டு வாசலில் காரணமில்லாமல் கேக் வந்து நின்றால், அந்த வீட்டுக்காரர்கள் முதலில் தங்கள் வேலியைச் சரிபார்ப்பார்கள்.

"யாருப்பா இப்படிப் புகார் குடுத்தது? மனுஷங்களா இவங்க," என்றார் லைல்.

"தெரியலையே லைல்," என்றார் வெண்டல்.

"கேக் நல்லா இருக்கு," என்றாள் ஆர்டிஸ். "போன தடவை எங்க நாய் குலைச்சப்ப கொண்டாந்ததை விட நல்லா இருக்கு."

லைல் கூரையைப் பார்த்தார். அவருக்கு ஒரு கேம்பர் வண்டி, உள்ளேயே சமைத்துத் தூங்குகிற மாதிரி, இருந்தது. அது பேருந்து அளவு. ஆனால் லைல் வீட்டுக்கு ஒரே ஒரு தெருதான். அதனால் கேம்பர் பின்முற்றத்தில், சட்டப்படி, ஆர்டிஸின் படுக்கையறை ஜன்னலை முழுதாக மறைத்துக்கொண்டு நின்றது.

"வெண்டல், இந்தக் கணக்கை நான் மத்தியானத்துல இருந்து போட்டுட்டிருக்கேன்," என்றாள் ஆர்டிஸ். "மூணு அடி வேலிக்குப் பின்னாடி ஏழு அடிப் படகு மறையணும். வேலியை ஒசத்தக் கூடாது. படகைக் குட்டையாக்க முடியாது. மிச்சம் என்ன இருக்கு?"

"என்ன இருக்கு?"

"தரை. தரையை இறக்கக் கூடாதுன்னு எங்கயாவது போட்டிருக்கானா?"

போட்டிருக்கவில்லை. ஹெல்வரில் விதி எழுதியவர்கள் வானம் வரை யோசித்திருந்தார்கள், பூமிக்குள் யோசிக்கவில்லை. லைல் தன்னிடம் ஒரு சின்ன மண்வெட்டும் இயந்திரம் இருப்பதாகவும் தானே வந்து தோண்டித் தருவதாகவும் சொன்னார். கேக்கால் ஆறாத உறுத்தலாக இருந்திருக்க வேண்டும்.

மேல்மண் இளகியிருந்தது, கீழே இன்னும் உறைந்து கிடந்தது. இரண்டு பேருமாகச் சரிவாக வெட்டி, துணி காயப்போடுகிற முன்முற்றத்தில் ஆளுயரப் பள்ளம் ஒன்றை எடுத்தார்கள். டிரெய்லரைச் சரிவில் இறக்கி, படகை மரக்கட்டைகள் மேல் உட்கார வைத்து, டிரெய்லரை லைல் வீட்டுக்குத் தள்ளிவிட்டு, சுற்றிலும் மூன்றடி வேலி கட்டினார்கள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. அந்த மண் களிமண், தண்ணீரைக் கீழே விடாது. மிச்சப் பனியும் உருகி வந்து சேர்ந்தது. ஒருநாள் காலை வெண்டல் எட்டிப் பார்த்தபோது கட்டைகளைக் காணோம். படகு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"ஐயய்யோ, ஆர்டிஸ், மிதக்குது. பம்ப் எங்க வச்சேன்?"

"பம்ப்பைத் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்," என்றாள் ஆர்டிஸ். கைத்தடி ஊன்றி முதல்முறையாக வாசல்வரை வந்திருந்தாள். "நல்லாப் பாரு. அது புல்லைத் தொடுதா?"

தொடவில்லை. அது தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை.

மே முதல் செவ்வாய், இழுவை வண்டியும் பின்தொடர கிரெட்சன் வந்தாள். தெருவில் காருக்குள் உட்கார்ந்து பார்த்தாள், படகு தெரியவில்லை. வேலியோரம் குனிந்து பார்த்தாள், புல்மேல் படவில்லை. வெண்டல் சாவியைத் திருப்பினார். படகு ஒரு முழம் முன்னேறி, களிமண் கரையில் மெத்தென்று முட்டி நின்றது.

"நகர்ந்துச்சு," என்றாள் கிரெட்சன். அவள் கண் கலங்கியதுபோல வெண்டலுக்குத் தோன்றியது. "மூணு நிபந்தனையும் ஒண்ணா சரியா இருந்து நான் பாத்ததே இல்ல. என் வேலைக்காலத்துல இதுதான் முதல் தடவை." பிறகு முகம் வாடியது. "அதனாலதான் எனக்கு இதைப் பாஸ் பண்ண தைரியம் வரல. குழுவுக்குத்தான் போகணும்."

இழுவை வண்டி வெறும் கொக்கியோடு திரும்பிப் போனது.

குடியிருப்பு வாகனக் குழு மறுநாள் மாலை கூடியது. தலைவர் மெர்வின் ஹாஃப், பற்பசை விளம்பரத்தில் வருகிற தாத்தா போன்றவர். கூட்டம் தாமதமாகத் தொடங்கியதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டார். நகராட்சிக் கட்டடத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் உறுப்பினர்கள் சுற்றிக்கொண்டிருந்தார்களாம்.

"நண்பர்களே," என்றார் மெர்வின், "நம்ம குழு படகுக்கு எதிரின்னு ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. மனசு வலிக்குது. என்கிட்டயே மூணு படகு இருக்கு. எல்லாம் முன்னாடியேதான் நிக்குது. ஆனா என் வீடு ஏரிக்கரையில. ஏரிக்கரை வீட்டுல படகு வாகனமில்ல, அது கரைச் சாமான். இந்த வித்தியாசத்தை இந்தக் குழுதான் கண்டுபிடிச்சுது. கண்டுபிடிச்ச அன்னிக்கு அஞ்சு உறுப்பினர்ல நாலு பேர் ஏரிக்கரையில குடியிருந்தோம்ங்கறது தற்செயல்."

யாரோ இருமினார்கள்.

"இந்த விதி எதுக்கு? அழகுக்கு. ஒருத்தர் தெருவுல நடந்து போறார். அவர் கண்ணுல ஒரு படகு படுது. என்ன ஆகும்? மனசு ஏரிக்குப் போயிடும். வேலையில புத்தி நிக்காது. சொத்து மதிப்பு விழும். நான் அனுபவத்துல சொல்றேன். என் வீட்டு ஜன்னல்ல இருந்து தினமும் மூணு படகு தெரியுது, நான் இருபது வருஷமா ஒரு வேலையும் உருப்படியா செஞ்சதில்ல."

வெண்டல் எழுந்தார். கையில் தொப்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "ஐயா, எனக்கு வாதமெல்லாம் பண்ணத் தெரியாது. சனிக்கிழமை என் பொண்டாட்டி மீன் பிடிக்கணும். படகு இருக்கட்டும்னு சொல்லுங்க, போதும்."

குழு கூடிக் கிசுகிசுத்தது. இந்த இடத்தில் அவர்கள் சிக்கலையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். சரி என்று சொன்னால் நாளைக்கே ஊர் முழுக்கப் பள்ளம் தோண்டும். தவறு என்று சொன்னால் மூன்று நிபந்தனைகளில் எது மீறப்பட்டது என்று சொல்ல வேண்டும். எதுவும் மீறப்படவில்லை. அனுபவமுள்ள குழு இப்படிப்பட்ட நேரத்தில் பொருளையே மாற்றிவிடும்.

"தீர்ப்பு," என்றார் மெர்வின். "தண்ணியில மிதக்கறது வாகனமில்ல. அதனால இது வாகன நிறுத்த விவகாரமே இல்ல. மிஸ்டர் டோலஃப்சன் வீட்டுல இருக்கறது, ஒரு ஏரி. கோப்பு ஏரிப் பிரிவுக்குப் போகட்டும். வாழ்த்துகள், வெண்டல். ஏரிக்கரைக்கு வந்துட்டீங்க."

ஏரிப் பிரிவு மறுநாள் காலையே வந்தது. அதுவும் கிரெட்சன்தான், நீலத் தொப்பியில். செவ்வாய்க்கு வாகனம், வியாழனுக்கு ஏரி என்று நகராட்சி அவளைப் பாதிப்பாதியாக வைத்திருந்தது. பச்சைத் தொப்பியில் தயங்கித் தயங்கிப் பேசுகிறவள், நீலத் தொப்பியில் வேறு ஆளாக இருந்தாள்.

"வெண்டல், எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா. புதுசா ஒரு ஏரி வந்து எத்தனை வருஷமாச்சு. மோட்டார் படகு ஓடற தண்ணி பொதுத் தண்ணி. பொதுத் தண்ணிக்குப் பொதுமக்கள் வந்து போக வழி இருக்கணும். படகை இறக்கறதுக்கு சிமெண்ட் சரிவு ஒண்ணு. அப்புறம் கார், டிரெய்லர் நிறுத்த இடம்."

"எங்க?"

"ஏரியைச் சுத்தி." அவள் கை மூன்று முன்முற்றங்களையும் ஒரு வட்டம் போட்டுக் காட்டியது.

"வாசல் மரத்துக்கு அந்தாண்ட இருக்கற புல்லையாவது விடுங்களேன்," என்று சொல்லிப் பார்த்தார் வெண்டல்.

"மரம் வழியில இருக்கு, வெண்டல்."

தெருவில் விழுந்த பள்ளத்தை மூடச் சொன்னால் அடுத்த பனிக்காலம் வரை யோசிக்கிற ஹெல்வர் நகராட்சி, புது ஏரி எதுவும் இல்லாமல் செலவாகாமல் கிடந்த படகுத்துறை நிதியை நிதியாண்டு முடிவதற்குள் எப்படியாவது கரைத்தாக வேண்டும் என்ற நிலையில் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் புல்லெல்லாம் போய்த் தார் வந்துவிட்டது. வேலியைப் பிடுங்கி, பள்ளத்தை நாலைந்து படகு கொள்ளும்படி அகலமாக்கி, சிமெண்ட் சரிவும் இறக்கியிருந்தார்கள். தார் மேல் வெள்ளைக் கோடுகள். துணி காயப்போடும் கம்பம் நின்ற இடத்தில் அம்புக்குறி. தெருமுனையில் பழுப்பு நிறப் பலகை: பொதுப் படகுத்துறை.

ஆர்டிஸ் ஜன்னல் வழியாக எண்ணிப் பார்த்தாள். "பன்னெண்டு டிரெய்லர் நிறுத்தலாம் போலருக்கு. ஒண்ணே ஒண்ணு நிறுத்தக் கூடாதுன்னுதானே சொன்னாங்க?"

"சிமெண்ட் சரிவு இருக்குல்ல. நாளைக்கு லைல் டிரெய்லரைக் கொண்டாந்து குடுத்ததும் படகை மேல இழுத்து, பெரிய ஏரிக்குப் போயிடலாம். அதை நினைச்சுக்கோ."

அவர் ஒன்றை மறந்துவிட்டார். திறப்பு நாளன்று மினசோட்டாக்காரன் கண்ணில் பழுப்புப் பலகை பட்டால் வண்டி தானாகத் திரும்பும். அங்கே என்ன ஏரி, எவ்வளவு பெரிசு என்றெல்லாம் நின்று விசாரிக்கமாட்டான். நமக்கு முன்னால் ஒருவன் நிற்கிறான் என்றால் அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்று பின்னால் நின்றுகொள்வான்.

சனிக்கிழமை விடியும்போது வெண்டல் ஆர்டிஸைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, படகின் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் போர்வை போட்டு, தூண்டிலைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினார். பன்னிரண்டு இடமும் நிறைந்திருந்தது. தெருவில் விளக்குகள் வரிசை கட்டி நின்றன. சரிவில் ஏற்கெனவே இரண்டு அலுமினியப் படகுகள் இறங்கிக்கொண்டிருந்தன. லைலின் வண்டி வெண்டலின் டிரெய்லரோடு எங்கோ நடுவில் மாட்டிக்கொண்டு, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் ஹாரன் அடிக்காமல் நின்றது. அங்கே யாரும் ஹாரன் அடிப்பதில்லை.

சற்று நேரத்தில் பள்ளத்தில் ஐந்து படகுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. யாரும் குறை சொல்லவில்லை.

"நல்ல ஏரி," என்றார் ஒருவர்.

"ஆமா. கொஞ்சம் சின்னது."

"சின்ன ஏரியிலதான் பெருசு இருக்கும்."

வெண்டல் தம் வீட்டு நிலத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தோளை யாரோ தொட்டார்கள். கிரெட்சன். அன்று மஞ்சள் தொப்பி.

"வெண்டல், இங்க நிக்கக் கூடாது. இது டிரெய்லர் நிறுத்தற இடம்."

அவர் நான்கு அடி தள்ளி நின்றார்.

"அது படகு திரும்பற வளைவு."

"வாசப்படியில நிக்கிறேன்."

"வாசப்படிக்குப் போகணும்னா இறங்குதுறையைக் கடக்கணும். கூட்டம் குறையற வரைக்கும் அது ஒருவழி." அவள் கைப்புத்தகத்தைப் புரட்டினாள். அவளுக்கு அவரை எப்படியாவது ஓரிடத்தில் நிற்க வைத்துவிட வேண்டும் என்றிருந்தது. முன்னும் பின்னுமாகப் புரட்டினாள், விரலால் வரிவரியாகத் தேடினாள். கடைசியில் நிமிர்ந்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. "படகுல இருக்கறவங்களுக்கு எந்தத் தடையும் இல்ல."

வெண்டல் திரும்பிப் பார்த்தார். அவருடைய நிலத்தில் அவர் எந்த விதியையும் மீறாமல் இருக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"ஏன் அங்கயே மரம் மாதிரி நிக்கிறே? ஏறு," என்றாள் ஆர்டிஸ்.

அவர் கரையிலிருந்து காலை நீட்டி வைத்தார். படகு ஒருபக்கம் சாய்ந்து, பக்கத்துப் படகில் இடித்து, நேரானது. இடிபட்ட படகுக்காரர் மன்னிப்புக் கேட்டார்.

"பெரிய ஏரிக்கு இன்னிக்கு போக முடியாது போல, ஆர்டிஸ். லைல் அங்க மாட்டிக்கிட்டு நிக்கிறான்."

"போக வேண்டாம்." அவள் தூண்டிலை வீசினாள். அது அடுத்த படகுக்கும் களிமண் கரைக்கும் நடுவில் இருந்த ஒரு தட்டளவு தண்ணீரில், சத்தமில்லாமல், சரியாக விழுந்தது. பக்கத்துப் படகுகளில் பேச்சு நின்றது. ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

வெண்டல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதுல மீன் இல்லையே."

"அதை யார்கிட்டயும் சொல்லாதே," என்றாள் ஆர்டிஸ், மிதவையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த சாண்ட்விச்சை எடு."

அவர் எடுத்துக் கொடுத்தார்.